ராத்திரிச் சமையல் எங்கே சறுக்குகிறது? வார நாள் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடு, இரண்டு பிள்ளைகள். காலையில் டிபனும் நான்கு டப்பா மதியச் சாப்பாடும் ஆகிவிடும். மாலை ஏழு, ஏழேகாலுக்குத் திரும்பி எட்டரைக்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் இப்படிப்பட்ட 4 பேர் வீட்டுக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி டம்ளர். அரிசியோ பருப்போ அளந்தால் ஏறக்குறைய 170 கிராம் பிடிக்கும்.

கோளாறு கண்ணில் படுவது ஏழரை மணிக்கு. அது விளைந்ததோ பெரும்பாலும் முந்தைய இரவு பத்து மணிக்கு, அல்லது அன்று காலை டப்பா கட்டும் அவசரத்தில். அதனால் அறிகுறியைப் பார்த்ததும் அடுப்படியில் பரபரக்காமல், எந்த மணிக்கு எந்த வேலை விட்டுப்போனது என்று பின்னோக்கிப் பாருங்கள்.

"என்ன செய்வதென்று யோசித்தே மணி எட்டாகிவிடுகிறது"

ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும் வீடுகளிலும் இது நடக்கிறது. திங்கள் தோசை, செவ்வாய் தக்காளி சாதம், புதன் சப்பாத்தி சென்னா என்று அழகாக எழுதியிருப்பார்கள். புதன் இரவு சென்னா வேண்டுமென்றால் செவ்வாய் இரவே கொண்டைக்கடலை தண்ணீரில் விழ வேண்டும் என்பது மட்டும் எங்கும் எழுதியிருக்காது. பலகாரத்தின் பெயர் பாதித் திட்டம்தான். அதற்கான முன்வேலை எந்த மணிக்கு என்பதுதான் மீதிப் பாதி.

பட்டியலை இப்படிப் போட்டுப் பாருங்கள். முதலில் கிழமைக்கு நேராகப் பலகாரத்தை எழுத வேண்டாம், நிமிடத்தை எழுதுங்கள்: வீட்டுக் கதவைத் திறப்பதற்கும் தட்டு வைப்பதற்கும் நடுவே எவ்வளவு நேரம்? டியூஷனிலிருந்து பிள்ளையை அழைத்து வரும் நாளில் அது 30 நிமிடமாக இருக்கும், வேறொரு நாளில் 75 இருக்கும். 30 நிமிட நாளில் சப்பாத்தி எழுதினால் அன்றைக்கே தோற்றாயிற்று. 15 சப்பாத்தியை ஒரே ஆள் தேய்த்துச் சுட்டு எடுக்கவே அரை மணி நேரம் பிடிக்கும், குருமா தனி. நிமிடம் எழுதிய பிறகு பலகாரம், அதற்குப் பக்கத்தில் முன்வேலை. ஒரு வாரம் இப்படி வரும்:

திங்கள், 75 நிமிடம்: இட்லி, ஞாயிற்றுக்கிழமை வைத்த கறிக்குழம்பு. (புரட்டாசியில் சாம்பார்.) முன்வேலை: ஞாயிறு மாலை மாவு ஆட்டுவது.
செவ்வாய், 30 நிமிடம்: தொக்கு கிளறிய தக்காளி சாதம், அப்பளம் அல்லது முட்டை. முன்வேலை: ஞாயிறு தொக்கு.
புதன், 60 நிமிடம்: சப்பாத்தி, சென்னா. முன்வேலை: செவ்வாய் இரவு 10 மணிக்குக் கடலை ஊறப்போடுவது, புதன் காலை 7 மணிக்குத் தண்ணீரை வடித்து டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பது.
வியாழன், 50 நிமிடம்: மிச்சக் காய்களைப் போட்டுச் சாம்பார் சாதம். முன்வேலை எதுவும் இல்லை.
வெள்ளி: எழுதாமல் விடுங்கள். காரணம் கடைசியில்.

புதன் காலை ஏழு மணி வேலையைக் கவனித்தீர்களா? அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரவு பத்துக்கு ஊறிய கடலை மறுநாள் மாலை ஏழு வரை சமையல் மேடையிலேயே இருந்தால் 21 மணி நேரம். சித்திரை வெயிலில் தண்ணீர் நுரைத்து வாடையடிக்கும், தொட்டால் வழுவழுக்கும். 8 முதல் 10 மணி நேரம் ஊறினால் போதும். அதற்குப் பிறகு குளிரில்தான் இருக்க வேண்டும்.

ஊறப்போட மறந்தே போய்விட்டால்? காலையில் நினைவு வந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, ஒரு மணி நேரத்தில் கிளம்பும்போது ஃபிரிட்ஜில் வையுங்கள், மாலைக்குள் ஊறிவிடும். மாலை ஏழரைக்கு நினைவு வந்தால் கொண்டைக்கடலையைக் கைவிடுங்கள். பச்சைப்பயறை ஊறாமலே வெறும் குக்கரில் லேசாக வறுத்து, ஒரு டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணீர் விட்டு 5 விசில் வைத்தால் வெந்துவிடும். சென்னாவுக்கு எடுத்து வைத்த அதே வெங்காயம் தக்காளி மசாலாவை அதில் கொட்டலாம். ராஜ்மாவில் மட்டும் இந்தக் குறுக்குவழி எதுவும் வேண்டாம். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி பேதியில் கொண்டு விடும்.

செல்போனில் இரவு 9.45க்கு ஒரு அலாரம் வையுங்கள். அலாரத்தின் பெயர் "நாளைக்கு?" என்று இருந்தால் போதும். பட்டியலின் அடுத்த வரியைப் பார்த்து, ஊறப்போடுவதை ஊறப்போட்டு, ஃபிரீசரில் இருப்பதைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி வைக்க ஐந்து நிமிடம் ஆகும்.

"மாவை நம்பினேன், மாவு காலை வாரிவிட்டது"

வாரத்தில் இரண்டு இரவாவது மாவைத்தான் நம்பியிருக்கிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அளவு: இட்லி அரிசி 4 டம்ளர், முழு உளுந்து 1 டம்ளர், வெந்தயம் அரை டீஸ்பூன். அரிசி 4 முதல் 5 மணி நேரம், உளுந்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். கிடைக்கும் மாவில் 45 முதல் 50 இட்லி வரும்.

மாவு பொங்கவில்லை என்றால் முதலில் உளுந்தைச் சந்தேகப்படுங்கள். கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம், குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்ட வேண்டும். பதம் பார்க்க ஒரு துளியை எடுத்துக் கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை, ஐந்து நிமிடம் ஓடட்டும். எவ்வளவு ஓடினாலும் மிதக்காத உளுந்து பழைய சரக்கு. அதற்கு மருந்தில்லை, அடுத்த முறை கால் டம்ளர் கூடுதலாகப் போட்டுத் தீர்த்துவிடுங்கள். மிக்சியில் அரைப்பவர்களுக்கு ஜார் சூடாவதுதான் பிரச்சினை. ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைக்க வேண்டும்.

உளுந்து சரியாக இருந்தும் பொங்கவில்லையென்றால் குளிர்தான் காரணம். இட்லி மாவைப் புளிக்க வைத்து உப்பச் செய்வது உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். லியூகோனோஸ்டாக் என்கிற பாக்டீரியா அதில் முக்கியமானது. 28, 30 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். மார்கழியில், அதுவும் கோவை, ஓசூர் பக்கம், 14 மணி நேரம்கூட ஆகலாம். வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி வைத்து மேலே துண்டு போட்டு மூடுங்கள். காலையில் பொங்காத மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால் மாலையில் அதே நிலையில்தான் இருக்கும். அந்த மாதிரி நாளில் வெளியிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

புதன்கிழமைக்கே மாவு புளித்துப்போவது எதிர்ப்பக்கக் கோளாறு. பத்தில் எட்டு வீட்டில் காரணம் ஒன்றுதான்: முழு மாவும் ஒரே தூக்கில் இருக்கிறது. காலையில் தூக்கு வெளியே வருகிறது, அரை மணி நேரம் மேடையில் நிற்கிறது, உள்ளே போகிறது, இரவும் அப்படியே. ஒவ்வொரு முறையும் மாவு சூடேறி மீண்டும் புளிக்கத் தொடங்குகிறது. ஆட்டி முடித்து உப்புப் போட்டுக் கையால் கரைத்த கையோடு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதி வெளியே, பாத்திரத்தில் பாதிக்கு மேல் இல்லாமல், ராத்திரி பொங்க. மறு பாதியை அப்படியே, புளிக்க விடாமல், ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள். செவ்வாய் இரவு 10 மணிக்கு அதை எடுத்து வெளியே வைத்தால் புதன் காலைக்குப் புது மாவு தயார். ஃபிரிட்ஜில் இருக்கும்போதே இரண்டு விரல் அளவு ஏறியிருக்கும். அது கெட்டதற்கு அடையாளமில்லை. ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் புள்ளி தெரிந்தால் மட்டும் முழுவதையும் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்துப் பயனில்லை.

புளித்தே போன மாவுக்கு இரண்டு கைப்பிடி ரவையும் ஒரு கைப்பிடி அரிசி மாவும் போட்டு, கால் மணி நேரம் விட்டு, வெங்காயம் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ சுடலாம். வெங்காயத்தின் இனிப்பு புளிப்பை அடக்கிவிடும். இட்லி மட்டும் வேண்டாம், தட்டையாகத்தான் வரும்.

இட்லி கல்லாக இருந்தால் உளுந்து குறைவு, அல்லது மாவு கெட்டி, அல்லது 12 நிமிடத்துக்கு மேல் வெந்திருக்கிறது. தோசை கல்லில் ஒட்டினால் முதலில் ஒரு கேள்வி: அதே கல்லில்தான் நேற்று சப்பாத்தி போட்டீர்களா? சப்பாத்திக்கு எண்ணெயில்லாமல் நெடுநேரம் காய்ந்த கல்லில் எண்ணெய்ப் பசை போய்விடும். இரும்புக் கல் இரண்டு வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. இப்போதைக்கு, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து நன்றாகத் தேய்த்து, முதல் தோசையைச் சின்னதாக ஊற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற மாவும் ஒட்டும், முறுகாது. வீட்டுக்குள் நுழைந்ததும், கால் கழுவுவதற்கு முன்னாலேயே, அன்றைக்கு வேண்டிய மாவை மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். உடை மாற்றி வந்து நிற்கும்போது சரியாக இருக்கும்.

"டிபன் இருபது நிமிடம், தொட்டுக்க நாற்பது நிமிடம்"

தோசைக்கோ சப்பாத்திக்கோ ஆகும் நேரத்தை எல்லோரும் கணக்கில் வைப்பார்கள். சின்ன வெங்காயம் உரிக்கவும், தேங்காய் துருவவும், மிக்சி ஜார் கழுவவும் ஆகும் நேரம் கணக்கில் வருவதேயில்லை. இரவுச் சமையல் தாமதமாகிற வீட்டில் நிமிடங்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பங்கு இங்கேதான் கரைந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தொக்கு போட்டு வைத்தால் மூன்று இரவுக்குக் கைகொடுக்கும். நாட்டுத் தக்காளி 1 கிலோ, வெங்காயம் அரை கிலோ, பூண்டு 20 பல், நல்லெண்ணெய் 150 மில்லி, மிளகாய்த் தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் தூள், பெருங்காயம், உப்பு. அகலமான கனத்த வாணலியில் கடுகு தாளித்து, வெங்காயம் பூண்டை வதக்கி, தக்காளியைப் போட்டு 40 முதல் 45 நிமிடம் சுருள வதக்குங்கள். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் உள்ளே தண்ணீர் மிச்சம். நான்காம் நாள் பூஞ்சை பூக்கிற தொக்கெல்லாம் இப்படிப் பாதியில் இறக்கியதோ ஈரக் கரண்டி பட்டதோதான். ஆறியபின் காய்ந்த பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

திங்களன்று இட்லிக்கு அப்படியே வைக்கலாம். செவ்வாய்க்கு 2 டம்ளர் அரிசி வடித்த சோற்றில் 6 மேசைக்கரண்டி தொக்கு கிளறினால் தக்காளி சாதம். புதனுக்கு வெந்த கடலையில் 4 மேசைக்கரண்டி தொக்கும் ஒரு டீஸ்பூன் கரம் மசாலாவும் போட்டுக் கொதிக்கவிட்டால் சென்னா. அவித்த முட்டையைக் கீறிப் போட்டால் முட்டை மசாலா. மூன்று நாளும் ஒரே ருசி என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, தாளிப்பை மாற்றுங்கள்: ஒருநாள் கடுகு, கறிவேப்பிலை, ஒருநாள் பட்டை, சோம்பு, ஒருநாள் கொஞ்சம் வெல்லம்.

தேங்காய்த் துருவலைச் சின்னச் சின்னப் பொட்டலமாக ஃபிரீசரில் போட்டுவிடுங்கள், ஒரு மாதம் இருக்கும். வெந்நீரில் பொட்டலத்தை இரண்டு நிமிடம் போட்டு எடுத்து அரைக்கலாம். இட்லிப் பொடி வீட்டில் தீரவே கூடாது. உளுந்து 1 டம்ளர், கடலைப்பருப்பு அரை டம்ளர், எள் கால் டம்ளர், காய்ந்த மிளகாய் 18, பெருங்காயம், உப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் உளுந்து சிவப்பதற்குள் எள் கருகிக் கசந்துவிடும்.

"எட்டு விசில் வைத்தும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறது"

போர் தண்ணீரில் வேகவைத்தீர்களா? உப்புத்தன்மையும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் இருக்கும் கால்சியம், பருப்பின் செல் சுவரை இறுக்கிப் பிடித்துவிடும். எவ்வளவு விசில் வைத்தாலும் மசியாது. பருப்புக்கு மட்டும் குடிக்கிற கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், 1 டம்ளர் துவரம்பருப்புக்கு 3 டம்ளர். அரை மணி நேரம் ஊறி, ஒரு சொட்டு நல்லெண்ணெயும் மஞ்சள் தூளும் சேர்ந்தால் 4 விசிலில் மசிந்துவிடும். புளித் தண்ணீரையோ தக்காளியையோ பருப்போடு சேர்த்தே குக்கரில் வைத்தாலும் இதே கோளாறுதான் வரும், புளிப்பும் பருப்பை இறுக்கும். ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் குழைந்துவிடும் என்பது உண்மைதான். ருசி மாறும், பி1 சத்தும் போகும். அவசரத்துக்கு ஒருமுறை செய்யலாம், பழக்கமாக்க வேண்டாம்.

காலைச் சாம்பாருக்குப் பருப்பு வைக்கும்போதே இரட்டிப்பாக வைத்து, பாதியை ஆறவைத்து ஃபிரிட்ஜில் போட்டால் இரவு கூட்டுக்கோ பருப்புக் கடைசலுக்கோ பத்து நிமிடம்தான்.

"புதன்கிழமை பார்த்தால் காயெல்லாம் அழுகியிருக்கிறது"

ஞாயிறு சந்தையில் ஆசையாக வாங்கிய காய்களைக் கைக்கு வந்த வரிசையில் சமைத்தால் இப்படித்தான். கெடும் வரிசையில் சமைக்க வேண்டும். கீரை முதல் இரண்டு நாளுக்குள். வெண்டை, கத்தரி, பீர்க்கங்காய் புதனுக்குள். பீன்ஸ், அவரை, கோஸ் வெள்ளி வரை தாங்கும். கேரட், பீட்ரூட் அதற்கு மேலும். வெட்டாத பூசணி, சேனை, சேப்பங்கிழங்கு, உருளை இவை ஃபிரிட்ஜுக்கே வர வேண்டாம். காலையில் பொரியலுக்கு எடுக்கும்போதே இந்த வரிசையைப் பார்த்து எடுத்தால் போதும், தனியாகத் திட்டம் வேண்டாம்.

கீரையை வாங்கி வந்த அன்றே ஆய்ந்து, கழுவாமல், செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். கழுவிய ஈரத்தோடு உள்ளே போகும் கீரை மறுநாளே கூழாகும். வெண்டைக்காய்க்கும் அதே விதி. தக்காளியையும் வெங்காயத்தையும் உருளையையும் ஒரே கூடையில் கொட்டி வைக்கும் வழக்கத்தை விட்டால் உருளை முளைப்பதும் வெங்காயம் கசிவதும் கொஞ்சம் குறையும்.

வியாழன் சாம்பார் சாதம் இந்த மிச்சங்களுக்குத்தான். அரிசி ஒன்றரை டம்ளர், துவரம்பருப்பு முக்கால் டம்ளர், நறுக்கிய காய் 3 டம்ளர், தண்ணீர் 7 டம்ளர், மஞ்சள் தூள். 5 லிட்டர் குக்கரில் பாதிக்கு மேல் போகாமல் பார்த்து 5 விசில். அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, சாம்பார் பொடி 2 மேசைக்கரண்டி, வெங்காயம், உப்புப் போட்டு 8 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு இரண்டையும் கலந்து நெய்யில் தாளிக்கலாம். புளி ஏன் தனியாகக் கொதிக்கிறது என்பது மேலே பருப்பில் சொன்னதுதான். ஆறினால் இறுகும், அதனால் இறக்கும்போது கொஞ்சம் தளரவே இருக்கட்டும்.

"காலை வைத்த சாம்பார் ராத்திரி நுரைக்கிறது"

காலை 7 மணிக்கு இறக்கியது மாலை 7 வரை மேடையில் மூடியபடி நின்றிருக்கும். நம் ஊர் வெக்கையில் பருப்பும் தேங்காயும் சேர்ந்த எதுவும் 12 மணி நேரம் தாங்காது. இரவுக்கு வேண்டும் என்று தெரிந்தால், பரிமாறுவதற்கு முன்பே அந்தப் பங்கைத் தனியாக அகலப் பாத்திரத்தில் எடுத்து, தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, கிளம்புவதற்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். இரவில் குமிழி வர முழுக்கக் கொதிக்க வேண்டும், வெதுவெதுப்பாக்கினால் போதாது. தேங்காய் அரைத்த குழம்பு முதலில் கெடும்; எண்ணெயும் புளியும் தூக்கலாக இருக்கும் வத்தக்குழம்பு கடைசியில் கெடும். வாரத்தில் ஒருநாள் காலையில் வத்தக்குழம்பு வைப்பவர்களுக்கு அந்த இரவு சுட்ட அப்பளத்தோடு முடிந்துவிடும்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்கிற பாக்டீரியாவின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே நின்றால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குப் போகாத சோற்றை இரவு லெமன் சாதமாக மாற்றி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

"சப்பாத்தி வறட்டி மாதிரி இருக்கிறது"

கோதுமை மாவு 3 டம்ளருக்கு 15 சப்பாத்தி வரும். தண்ணீர் 1 டம்ளர் முழுக்க ஊற்றிவிட்டு, பிறகு கரண்டி கரண்டியாக, மாவு காது மடல் மாதிரி மெத்தென்று ஆகும் வரை. பலரும் கையில் ஒட்டுகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துவதுதான் தப்பு. 20 நிமிடம் மூடி வைத்தால் ஒட்டுவது தானாக நின்றுவிடும். மற்றொரு காரணம் கல்லின் சூடு. சிறு தீயில் நெடுநேரம் வாட்டினால் ஈரமெல்லாம் போய் அப்பளமாகும். நல்ல சூட்டில் பக்கத்துக்கு அரை நிமிடம்தான். சுட்டதை உடனே துணி விரித்த டப்பாவில் அடுக்கி மூடுங்கள். காலையிலேயே பிசைந்து வைப்பதானால் மேலே எண்ணெய் தடவிக் காற்றுப் புகாத டப்பாவில். திறந்து கிடந்தால் மேல்பக்கம் கறுத்துவிடும். அது காற்றுப் பட்டதால் வரும் நிறம், கெட்டுப்போனதல்ல.

"ஒரே ராத்திரி, மூன்று சமையல்"

மாமியாருக்குச் சர்க்கரை, சின்னவனுக்குக் காரம் ஆகாது, பெரியவளுக்குச் சோறே பிடிக்காது. தனித்தனியாகச் செய்ய ஆரம்பித்தால் முடிவேயில்லை. அடி ஒன்றாக இருந்து நுனியில் மட்டும் பிரிகிற பலகாரத்தைப் பட்டியலில் கூட்டுங்கள். தோசை மாவில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவு கரைத்தால் மாமியாருக்குக் கேழ்வரகுத் தோசை (அளவாக இரண்டு). அதே மாவில் சின்னவனுக்கு நெய் தோசை. கூட்டில் மிளகாய் போடுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடலாம். புதுப் பண்டத்தை அறிமுகப்படுத்த வார நாள் இரவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பசியும் தூக்கமும் சேர்ந்த எட்டு மணிக்கு எந்தப் பிள்ளையும் புடலங்காயோடு சமாதானம் ஆகாது.

"வியாழன் வரை சரி, வெள்ளிக்கிழமை ஹோட்டல் பார்சல்"

ஏழு நாளையும் நிரப்பிய பட்டியல் ஐந்தாம் நாள் உடையும். ஒருநாள் மீட்டிங் நீண்டுவிடும், ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வரும், நினைத்த பலகாரம் தள்ளிப்போகும். தள்ளிப்போனது விழுவதற்கு ஒரு காலி இடம் வேண்டும், அதுதான் வெள்ளி. எதுவும் தள்ளிப்போகவில்லையென்றால் பார்சலே வாங்குங்கள், அதில் குற்றமில்லை.

பார்சலும் வேண்டாம் என்கிற இரவுக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்குங்கள்: வறுத்த ரவை, சேமியா, கெட்டி அவல், முட்டை, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. அவலைக் கழுவி 10 நிமிடம் வைத்து எலுமிச்சை பிழிந்து தாளித்தால் கால் மணி நேரத்தில் சாப்பாடு. உப்புமா என்றால் முகம் சுளிக்கும் வீடுகளில் பெரும்பாலும் தப்பு தண்ணீரில்தான். 2 டம்ளர் ரவைக்கு 5 டம்ளர் தண்ணீர். தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும், பிறகு மூடி 3 நிமிடம். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும்.

"குக்கரில் விசிலே வரவில்லை"

வியாழன் இரவு எட்டு மணிக்குச் சாம்பார் சாதம் உள்ளே இருக்கும்போது இது நடக்கும். மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கட். அடுப்பை அணைத்து, ஆவி முழுக்க அடங்கியபின் திறந்து, கேஸ்கட்டைக் கழுவி 10 நிமிடம் ஃபிரீசரில் வைத்துப் போட்டால் அன்றைய இரவுக்கு இறுகிக்கொள்ளும். மறுநாள் புதிது மாற்றியே ஆக வேண்டும். ஓரத்திலும் கசியவில்லை, மேலேயும் ஆவி வரவில்லை என்றால் வெயிட் உட்காரும் குழாயில் பருப்பு அடைத்திருக்கிறது. அப்போது அடுப்பை உடனே அணையுங்கள், வெயிட்டைத் தட்டவோ மூடியை நெம்பவோ கூடாது. தானாகக் குளிர்ந்தபின் மூடியைத் திறந்து, குழாயை ஊசியால் குத்தி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓட்டை தெரிய வேண்டும். கேஸ்கட் வாங்கும்போது குக்கரின் கம்பெனியும் லிட்டரும் சொல்லி இரண்டாக வாங்கி வையுங்கள்.